ராணுவக் கடிதங்களின் உறையைத் தூக்கி எறியாதீர்கள்

ஆசிரியருக்கு,

போர் நினைவு நாட்களில் வாசகர் வீடுகளிலிருந்து வரும் பழைய ராணுவக் கடிதங்களின் படங்கள் பத்திரிகைகளில் வெளியாகின்றன. பெரும்பாலும் கடிதத் தாள்தான் இருக்கிறது, உறையைக் காணோம். ஆனால் கடிதத்தில் இல்லாத செய்தி உறையில்தான் இருக்கும்.

களத்தில் இருப்பவர் தான் இருக்கும் இடத்தை எழுதக்கூடாது. எழுதினால் தணிக்கையில் மை பூசுவார்கள், அல்லது அந்த வரியையே வெட்டி எடுத்துவிடுவார்கள். அதனால் இரண்டாம் உலகப் போர்க் கடிதங்களில் நலம் விசாரிப்பும் பணம் வந்ததா என்ற கேள்வியும்தான் மிஞ்சும். எழுதியவர் எங்கே இருந்தார் என்பதற்குத் தடயம் உறைமேல் உள்ள களத் தபால் நிலைய முத்திரை. அதில் ஊர்ப்பெயர் இருக்காது, 'எஃப்.பி.ஓ.' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் தேதியும் இருக்கும். எந்த எண் எப்போது எங்கே இயங்கியது என்று ராணுவத் தபால் சேகரிப்பாளர்கள் பட்டியல் தயாரித்திருக்கிறார்கள். இந்த நிலையங்கள் படையோடு சேர்ந்தே நகர்ந்தவை. ஆகவே எண் மட்டும் போதாது, தேதியும் வேண்டும். தபால்தலை சேர்க்கும் பிள்ளைகளுக்காக உறையின் மூலையை வெட்டிக் கொடுத்தால் முத்திரையில் பாதி அதோடு போய்விடும்.

1965, 1971 போர்க்காலத்தில் வீட்டிலிருந்து போன கடிதங்களில் '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்றிருக்கும். இவை ஊர்கள் அல்ல, ராணுவத் தபால் நிலையத்தின் (ஆர்மி போஸ்ட் ஆபீஸ்) பொது முகவரிகள். அங்கே யூனிட் பெயரும் படை எண்ணும்தான் ஆதாரம்.

இனி பாதுகாப்பு. லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. செலோ டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் உரிக்காமல் விட்டுவிடுங்கள், உரித்தால் தாளின் மேல்தோலும் சேர்ந்து வரும். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்திருந்தால் இழுக்கக்கூடாது. பின்புறம் மடிந்த கால்களை மெல்லிய கத்தி நுனியால் நிமிர்த்தி, அதன் பிறகு மேலே எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பலர் காப்பியிங் பென்சிலால் எழுதினார்கள். ஈரம் பட்டால் அது ஊதாவாகிக் கரைந்து ஓடும். எனவே ஈரத்துணியால் துடைப்பது ஆபத்து.

சில வீடுகளில் உள்ளங்கை அளவில், போட்டோத் தாளில் அச்சான கடிதங்கள் இருக்கலாம். அவை 1941-ல் தொடங்கிய 'ஏர்கிராஃப்' சேவையின் பிரதிகள். கடிதத்தைச் சிறு ஃபிலிமில் படம்பிடித்து விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிதாக்கி அச்சிட்டார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அமிலமில்லாத தாள் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் அமிலம் கடிதத்தைப் பழுப்பாக்கும்.

பரணில் வெயில் சூடு, தரையில் கரையான். பீரோவின் நடுத்தட்டுதான் நல்ல இடம். அந்துருண்டை தாளில் நேராகப் படக்கூடாது. கடிதத்துக்கும் உறைக்கும் ஒரே எண்ணை மெல்லிய பென்சிலால் பின்புற மூலையில் எழுதி, இரண்டின் இரு பக்கங்களையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்துவிட்டால், பிறகு அசலைத் திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டியதில்லை.

இத்தகைய கடிதங்களை வெளியிடும்போது உறையின் படத்தையும் வாசகர்களிடம் கேட்டு வாங்கிப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— ஒரு வாசகர், வேலூர்