அப்டேட் வேறு, அப்கிரேடு வேறு

ஆசிரியருக்கு,

லினக்ஸ் குறிப்பு எழுதுபவர்கள் பலரும் ‘சூடோ ஆப்ட் அப்டேட் கொடுத்தால் எல்லா மென்பொருளும் புதிதாகிவிடும்’ என்றே எழுதுகிறார்கள். ‘சூடோ’ என்பது நிர்வாகி உரிமை, ‘ஆப்ட்’ என்பது மென்பொருள் நிறுவும் கருவி. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் அந்தக் கட்டளை ஒரு மென்பொருளைக்கூடத் தொடாது. களஞ்சியத்தில் (மென்பொருள்களை வைத்திருக்கும் சர்வரில்) எந்தத் தொகுப்பு, அதாவது நிறுவத் தயாரான மென்பொருள், எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் இறக்கி வைக்கும். நிறுவும் வேலை ‘சூடோ ஆப்ட் அப்கிரேடு’ உடையது. இரண்டுக்கும் நடுவே ‘ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்’ அடித்தால், மாறப்போவது எவை என்று தெரியும்.

பட்டியல் பழசானால் நிறுவும்போது 404 பிழை வரும். பட்டியல் சொல்லும் பழைய பதிப்பைச் சர்வரிலிருந்து எப்போதோ நீக்கியிருப்பார்கள். இணையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆப்ட் அப்டேட் கொடுத்ததும் திரையில் ஓடும் வரிகளை யாரும் படிப்பதில்லை. ‘ஹிட்’ என்றால் மாற்றமில்லை. ‘கெட்’ என்றால் புதிதாக இறங்கியது. ‘எர்’ (பிழை) என்று வந்தால்தான் கவனம் தேவை. ஒரு களஞ்சியம் கிடைக்காமல் போனாலும் ஆப்ட் பழைய பட்டியலையே வைத்துக்கொண்டு, ஓர் எச்சரிக்கையோடு வேலையை முடித்துவிடும். எல்லாம் சரியாக நடந்ததுபோலவே தோன்றும்.

‘லாக் கிடைக்கவில்லை’ என்று வந்தால் லாக் கோப்பை (ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல்கள் மோதாமல் தடுக்கும் பூட்டை) அழிக்கச் சொல்வது மோசமான யோசனை. பெரும்பாலும் பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்; அது முடியும்வரை பொறுக்க வேண்டும். ‘ரிலீஸ் கோப்பு (களஞ்சியத்தின் தேதியும் கையொப்பமும் கொண்ட கோப்பு) இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்றால் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. ‘டைம்டேட்சிடிஎல்’ அடித்துத் தேதியைப் பாருங்கள். ‘நோ பப்கீ’ வந்தால், களஞ்சியத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி கணினியில் இல்லை என்று பொருள்; அந்தக் களஞ்சியத்தை நடத்துபவர்களின் தளத்திலிருந்தே சாவியை வாங்கி, களஞ்சிய முகவரிகள் இருக்கும் சோர்சஸ் கோப்பில் ‘சைன்ட்-பை’ என்ற இடத்தில் அந்தச் சாவி இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். அதற்குப் பதில் ‘டிரஸ்டட்=எஸ்’ (சரிபார்க்காமலே நம்பு) போடுவது, பூட்டைத் திறக்க முடியவில்லை என்று கதவையே கழற்றி வைப்பதுதான்.

ஆதரவுக்காலம் முடிந்த உபுண்டுவில் ‘ரிலீஸ் கோப்பு இல்லை’ என்று வரும். அந்தப் பதிப்பின் தொகுப்புகளைப் பழைய வெளியீடுகளுக்கான சர்வருக்கு மாற்றிவிட்டிருப்பார்கள். சோர்சஸ் கோப்பில் முகவரியை மாற்றினால் பட்டியல் இறங்கும். பாதுகாப்புத் திருத்தம் வராது.

இந்த அப்டேட் எல்லா லினக்ஸுக்கும் பொதுவும் அல்ல. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் ஆப்ட்டுக்குப் பதில் டிஎன்எஃப்; அங்கே ‘டிஎன்எஃப் அப்டேட்’ மென்பொருளையே மாற்றும். பட்டியலுக்கு ‘டிஎன்எஃப் மேக்கேச்’. ஆர்ச் லினக்ஸில் கருவி பேக்மேன்; ‘பேக்மேன் -எஸ்ஒய்’ கொடுத்துப் பட்டியலை மட்டும் புதுப்பித்து, பிறகு ஒரே ஒரு தொகுப்பை நிறுவினால், புதிய தொகுப்பும் அது சார்ந்திருக்கும் பழைய நூலகங்களும் (பொதுவான துணை நிரல்களும்) ஒத்துப்போகாமல் மென்பொருள் திறக்காமலே போகலாம். அங்கே, பட்டியலோடு எல்லாத் தொகுப்புகளையும் புதுப்பிக்கும் ‘-எஸ்ஒய்யு’ என்றே அடிக்க வேண்டும்.

– வாசகர்