கவசத்துக்கு முதுகு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவிய, சிற்பக் கண்காட்சிகளைப் பற்றி நாளிதழ்களில் வெளிவரும் குறிப்புகளை நெடுங்காலமாக வாசித்து வருகிறேன். ஒரு படைப்பில் பிள்ளையாரோ முருகனோ தென்பட்டால் அதைப் ‘பக்திக் கலை’ என்றும், தென்படாவிட்டால் ‘நவீனக் கலை’ என்றும் வகை பிரித்துவிடுவது அவற்றில் வழக்கமாகிவிட்டது. கலைஞருடைய நம்பிக்கையும் மரபும் அவர் எடுத்துக்கொண்ட பொருளில் மட்டுமே குடியிருக்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அவை செய்முறைக்குள்ளும் இறங்கியிருக்கும் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

சென்னையில் 1930-இல் பிறந்த சிற்பி பி.வி. ஜானகிராமை எடுத்துக்கொள்வோம். செப்புத் தகட்டைத் தட்டி எழுப்பி, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்து அவர் உருவாக்கிய சிற்பங்கள் பெரும்பாலும் முன்னின்று மட்டுமே காண்பதற்குரியவை. சிற்பம் என்றால் சுற்றிவந்து பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று கலைப்பள்ளியில் படித்த கண்ணுக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் மூலவருக்குச் சார்த்தும் கவசத்தை நினைத்துப் பாருங்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளுக்குப் பின்னழகும் உண்டு. கவசத்துக்கோ முன்புறம் மட்டும்தான், ஏனெனில் கருவறை வாசலில் நிற்கும் அடியவருக்கு அந்த ஒரு பக்கமே தரிசனம். வார்ப்புக் கலையில் உலகப் புகழ் பெற்ற மண்ணில் பிறந்தும் ஜானகிராம் வார்ப்பை விட்டு, தகட்டைத் தட்டி உருவெழுப்பும் கோயில் நகாசு வேலைப்பாட்டைத் தமது வழியாகத் தேர்ந்துகொண்டார். எங்கள் ஊர்ப் பட்டறையில் தகட்டை அரக்கின்மேல் பதித்துத் தட்டுபவர்களைப் பார்த்திருப்பதால், அவருடைய சிற்பத்தின் முன் நிற்கும்போது எனக்கு முதலில் கேட்பது அந்தச் சிற்றுளியின் ஓசைதான்.

இதே முறையில் அவர் கிறிஸ்துவையும் வடித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கோயிலிலிருந்து வந்த கைப்பழக்கம் முட்கிரீடத்துக்கும் பொருந்தியது. வகை பிரிப்போர் இதை எந்தப் பெட்டியில் போடுவார்கள் என்று தெரியவில்லை.

அவருடைய ஆசான்களில் ஒருவரான கே.சி.எஸ். பணிக்கரிடம் மரபு வேறு விதமாக வந்து சேர்ந்தது. இயற்கைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்றிருந்த அவர், 1963-இல் ‘வார்த்தைகளும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். முதலில் கணிதக் குறிகளாக இருந்தவை நாளடைவில் ஜாதகக் கட்டங்களாகவும் மலையாள எழுத்தை ஒத்த கிறுக்கல்களாகவும் மாறின. அவை வாசிப்பதற்கு அல்ல. ஏட்டுச் சுவடியைப் புரியாமலேயே மரியாதையோடு பார்க்கும் ஒரு சமூகத்தின் பார்வையை அவர் கித்தானுக்குக் கொண்டுவந்தார் என்பது என் எண்ணம். அந்த ஓவியங்களில் சாமி படம் தேடுபவர் ஏமாந்துதான் போவார்.

பணிக்கரின் முன்முயற்சியில் 1966-இல் உருவான சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், இவர்கள் இருவரும் பங்குகொண்ட சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் 2009 முதல் இயங்கி வருகிறது. அது போன்ற இடங்களுக்குத் தங்கள் செய்தியாளர்களை அனுப்பும்போது, படைப்பின் பெயரையும் கடவுளின் பெயரையும் குறித்துக்கொண்டு திரும்பிவிடாமல், செய்முறை எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்பதையும் விசாரித்து எழுதச் சொல்ல வேண்டுகிறேன். ஜானகிராமின் சிற்பம் இருந்தால், அதன் பக்கவாட்டிலும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.