ஊருணியில் பாசி மருந்து இடுமுன் மீன் நச்சுச் சோதனை நடத்த உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்
ஊருணியைப் பயன்படுத்தும் ஊர்ப் பொதுமக்கள்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சிவகங்கை.

பொருள்: ஊருணியில் மயில்துத்தம் கலந்த பாசி மருந்து இடுவதற்கு முன், அம்மருந்தின் குறுகிய கால நச்சுத்தன்மையை ஊருணி நீரிலேயே நன்னீர் மீன்களைக் கொண்டு 96 மணி நேரம் சோதிக்கவும், முடிவு வரும்வரை பணியை நிறுத்தி வைக்கவும் உத்தரவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊரின் நடுவே செம்புறாங்கல் படித்துறையுடன் ஏறத்தாழ ஒரு ஏக்கர் பரப்பில் உள்ள ஊருணி, செட்டிநாட்டின் மற்ற ஊருணிகளைப் போலவே, சரளைக்காட்டில் விழும் மழையை வரத்துக்கால் வழியாகச் சேர்த்து வைத்து ஊருக்குப் பயன்படுவது. கோயில் அபிஷேகத்துக்கும் குளிப்பதற்கும் இந்த நீர்தான். சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளின் ஊற்றும் இதை நம்பியே இருக்கிறது. சில ஆண்டுகளாகக் கோடை தொடங்கியதும் நீர் பச்சையாகி, மேலே பாசி படலமாக மிதக்கிறது; துர்நாற்றமும் வருகிறது. இதற்குத் தீர்வாக ஒப்பந்ததாரர் ஒருவர் மூலம் மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, முதன்மைப் பொருளாகக் கொண்ட பாசி மருந்தை ஊருணியில் கரைத்து ஊற்ற முடிவாகியுள்ளதாக அறிகிறோம். பாசியை அகற்ற வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த மருந்து எந்த அளவில் இந்த நீரில் உள்ள மீன்களைக் கொல்லும் என்பதை ஊற்றுவதற்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

இந்த அச்சம் காரணமின்றி எழுந்ததன்று. சென்ற கோடையில் பக்கத்து ஊர் ஒன்றின் ஊருணியில் இதே வகை மருந்து ஊற்றப்பட்டது. மறுநாள் விடியற்காலையில் கெண்டைகள் படித்துறை ஓரமாக ஒதுங்கி, வாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டித் திறந்து மூடியபடி கிடந்ததையும், வெயில் ஏறுவதற்குள் அவை வயிறு வெளுத்து மிதந்ததையும் எங்களில் பலர் நேரில் பார்த்தோம். விரால் மட்டும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. விரால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடிய மீன் என்பதால், கெண்டைகள் மருந்தின் நஞ்சால் செத்தனவா, அல்லது மடிந்த பாசி அழுகியபோது நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் செத்தனவா என்ற கேள்வி எழுந்தது. அன்று ஒருவரும் நீர் மாதிரி எடுத்து வைக்கவில்லை, ஆக்சிஜனை அளக்கவுமில்லை. ஒப்பந்ததாரர் வெயிலைக் காரணம் சொன்னார், மீன் குத்தகை எடுத்தவர் மருந்தைக் காரணம் சொன்னார், விஷயம் அத்தோடு முடிந்துபோனது. எங்கள் ஊரிலும் அப்படி ஆகிவிடக்கூடாது.

மருந்தை வழங்குபவர் ஒரு பாதுகாப்புத் தகவல் தாளைக் காட்டி, அதில் மீன் நச்சுத்தன்மை பற்றிய விவரம் இருப்பதால் வேறு சோதனை தேவையில்லை என்கிறார். அந்தத் தாளைப் படித்துப் பார்த்தோம். அதில் ரெயின்போ ட்ரவுட் மீனுக்கு ஒரே ஓர் எண் தரப்பட்டுள்ளது. ட்ரவுட் நீலகிரியின் அவலாஞ்சி போன்ற இடங்களில் குளிர்ந்த நீரில் வளரும் மீன். எங்கள் ஊருணியில் இருப்பவை கெண்டை, கெளுத்தி, அயிரை, ஜிலேபி, குத்தகைதாரர் விட்ட ரோகு, கட்லா ஆகியவை. தாளில் உள்ள எண் காப்பர் சல்பேட்டின் அளவா, அதிலுள்ள தாமிரத்தின் அளவா என்பதும் சொல்லப்படவில்லை. மயில்துத்தத்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் தாமிரம். ஆகவே இந்த ஒரு குழப்பத்திலேயே கணக்கு நான்கு மடங்கு பிசகிவிடும்.

எண் எந்த நீரில் கிடைத்தது என்பதையும் அந்தத் தாள் கூறவில்லை. எங்கள் பார்வையில் இதுவே அதன் பெரிய குறை. தாமிர அயனி மீனின் செவுளில் ஒட்டி, மீன் உடலில் உப்புச் சமநிலையைக் காக்கும் வேலையைக் கெடுத்துவிடுகிறது. கடினநீரில் உள்ள கால்சியம் செவுளில் அதே இடத்துக்குப் போட்டியிடுவதால் நஞ்சின் வேகம் தணியும். மென்னீரில் அந்தக் காப்பு இல்லை. எங்கள் பகுதியில் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, ஊருணித் தண்ணீரில் வேகும் என்பதைத் தங்கள் அலுவலகத்தில் உள்ள இவ்வூர்க்காரர்களும் அறிவார்கள். அந்த அளவுக்கு மென்மையான மழைநீரில், கடினநீரில் பெற்ற எண்ணை நம்பி மருந்தை ஊற்றினால் மீன்களுக்கு ஆபத்து. மறுபக்கம், ஊருணி நீரில் கலந்துள்ள மக்கிய இலை தழைச் சத்து தாமிரத்தைப் பிணைத்து வைத்து நஞ்சைக் குறைக்கவும் கூடும். இரண்டில் எது நடக்கும் என்பதை இந்த நீரை எடுத்துச் சோதிக்காமல் எவராலும் சொல்ல முடியாது.

மருந்தின் அளவு பற்றியும் ஒன்று கூற விரும்புகிறோம். ஊருணியின் ஆழத்தை அளந்து பார்த்தவர்கள் யாருமில்லை; "மூட்டைக் கணக்கு" என்றே பேச்சு நடக்கிறது. ஒரு ஏக்கர் பரப்பில் 2 மீட்டர் நீர் நிற்கும்போது அது சுமார் 81 லட்சம் லிட்டர். அதில் 25 கிலோ மூட்டை ஒன்றைக் கரைத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் மயில்துத்தம், அதாவது சுமார் 0.8 மில்லிகிராம் தாமிரம் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் நீர் அரை மீட்டருக்கு இறங்கிய பின் அதே மூட்டையைக் கரைத்தால் இவை நான்கு மடங்காகும். பாசி அதிகமாகத் தெரிவதும் மருந்து ஊற்றத் தோன்றுவதும் நீர் வற்றிய அந்த மாதங்களில்தான். "குடிநீர் வரம்புக்குள்தான் இருக்கும்" என்று தரப்படும் உறுதியும் மீன்களுக்குப் போதாது. மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாமிரம் வரை இந்தியத் தரம் 10500 ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மென்னீரில் 0.1 மில்லிகிராமுக்கும் குறைந்த தாமிரத்திலேயே பாதி மீன்கள் மடிந்த இனங்கள் உண்டு.

நாங்கள் கேட்கும் சோதனை புதியதும் அன்று, அரிதானதும் அன்று. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (OECD) மீன் நச்சுச் சோதனைக்கான 203-ஆம் எண் வழிகாட்டி 1992-லும் பின்னர் 2019-லும் திருத்தப்பட்டு உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. மருந்தைப் படிப்படியாகக் கூடும் குறைந்தது ஐந்து செறிவுகளில் தனித்தனித் தொட்டிகளில் கலந்து, மருந்தே கலவாத ஒப்பீட்டுத் தொட்டி ஒன்றையும் வைத்து, தொட்டிக்குக் குறைந்தது 7 மீன்கள் வீதம் விட்டு, 24, 48, 72, 96-ஆம் மணிகளில் மடிந்தவற்றைக் கணக்கெடுப்பார்கள். செவுள் மூடி அசையாமலும், வால் அடியைத் தொட்டால் துடிக்காமலும் இருந்தால்தான் மீன் மடிந்ததாகக் கொள்ளப்படும். நிலைதடுமாறி நீந்துவது, மூச்சு வேகம், நிறம் மாறுவது ஆகியவையும் பதிவு செய்யப்படும். பாதி மீன்களைக் கொல்லும் செறிவு இவற்றிலிருந்து கணக்கிடப்படும். ஒப்பீட்டுத் தொட்டியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் (பத்துக்கும் குறைவான மீன்கள் இருந்தால் ஒன்றுக்கு மேல்) மடிந்தாலோ, கரைந்த ஆக்சிஜன் செறிவூட்ட நிலையில், அதாவது நீர் கொள்ளக்கூடிய முழு அளவில், 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினாலோ சோதனை செல்லாது. வழிகாட்டி பரிந்துரைக்கும் இனங்களில் சாதாக் கெண்டையும் ஒன்று என்பதால் மீனுக்கும் எங்கும் அலைய வேண்டியதில்லை. மொத்தம் 42 குஞ்சுகள் போதும். அந்த 42 உயிர்களையும் பணயம் வைக்கக் கேட்பது எங்களுக்கு உவப்பானதல்ல. ஊருணி முழுவதையும் சோதனைத் தொட்டியாக்குவதை விட இது மேல் என்பதால் கேட்கிறோம்.

சட்டமும் இந்த அளவுகோலை அறியாததன்று. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் ஆறாம் அட்டவணைப்படி, ஆலையிலிருந்து உள்நாட்டு நீர்நிலையில் விடப்படும் கழிவுநீரில், அதை நீர் சேர்த்து நீர்க்கச் செய்யாமலே, 96 மணி நேரத்துக்குப் பின் 90 விழுக்காடு மீன்கள் உயிருடன் இருக்க வேண்டும். வேண்டாம் என்று வெளியேற்றும் கழிவுக்கே இந்த நிபந்தனை இருக்க, நாமே விலை கொடுத்து வாங்கி ஊர்ப் பொது நீரில் கலக்கும் பொருளுக்கு எந்தச் சோதனையும் இல்லை என்பது முறையாகாது என்று பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம்.

இந்தச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் மறைக்காமல் கூறுகிறோம். தொட்டியில் ஆக்சிஜன் குறையாமல் பார்த்துக்கொள்வதால், பாசி அழுகும்போது ஊருணியில் நேரும் மூச்சுத்திணறலை அது காட்டாது. பக்கத்து ஊரில் நடந்தது ஒருவேளை அதுவாகவே இருக்கலாம். ஆகவே பின்னர் மருந்து இட அனுமதித்தாலும் ஊருணி முழுவதும் ஒரே நாளில் இடாமல், பகுதி பகுதியாக, நாட்கள் இடைவெளி விட்டு இட வேண்டும். ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும் விடியற்காலையில் அதை அளக்கவும் வேண்டும். தாமிரம் சிதைந்து மறைந்துபோகும் பொருளும் அன்று. அது அடியில் வண்டலில் தங்கிவிடும். கோடையில் அந்த வண்டலைத்தான் வயலுக்கு அள்ளிச் செல்கிறோம்.

எனவே, தாங்கள் ஊராட்சி ஒன்றிய நிர்வாகத்துக்கு அறிவுறுத்தி மருந்து இடும் பணியை உடனே நிறுத்தி வைக்கவும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரும் மீன்வளத் துறை அலுவலரும் முன்னிலை வகிக்க, ஒப்பந்ததாரர் உண்மையில் பயன்படுத்தப்போகும் மூட்டையிலிருந்தே மருந்து மாதிரியும் ஊருணியின் பல இடங்களிலிருந்து நீர் மாதிரியும் எடுத்து, ஒரு பகுதியை முத்திரையிட்டு வைத்துக்கொண்டு மறுபகுதியைச் சோதனைக்கு அனுப்பவும் உத்தரவிட வேண்டுகிறோம். சோதனையை ஊருணி நீரிலேயே, எங்கள் ஊருணியின் கோடை வெப்பநிலைக்கு நெருக்கமாக, மீன்களைக் குறைந்தது ஒரு வாரம் அதே நீரில் பழக்கிய பின் நடத்த வேண்டும். நீரின் கடினத்தன்மை, கார அமிலநிலை ஆகியவற்றையும், தொட்டிகளில் கரைந்துள்ள தாமிரத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்த கணக்கையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும்; கலந்ததாகச் சொல்லும் அளவை மட்டும் எழுதினால் போதாது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற அரசு நிறுவனம் ஒன்றிடம் மீன் சோதனையை ஒப்படைக்கலாம். தாமிரத்தை அளக்க காரைக்குடியிலேயே உள்ள சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியை நாடலாம் என்பது எங்கள் யோசனை. அறிக்கையைத் தமிழில் கிராம சபையில் வைத்த பிறகே, மருந்து இடலாமா, எவ்வளவு இடலாம் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை மிதக்கும் பாசிப் படலத்தைப் பழைய வலைகளைக் கட்டி இழுத்துக் கரையேற்றும் வேலையை ஊராரே செய்யத் தயாராக இருக்கிறோம். (பாசிக்கு மூலகாரணமான தெருக் கழிவுநீர் வரத்துக்காலில் கலப்பது குறித்துத் தனியே மனு அளிக்க உள்ளோம், அதை நிறுத்தாமல் எந்த மருந்தும் ஒரு கோடையைத் தாண்டாது.) சோதனைக்குத் தேவையான நீரையும் மீன் குஞ்சுகளையும் அலுவலர்கள் சொல்லும் இடத்தில், சொல்லும் நாளில் எங்கள் செலவிலேயே கொண்டுவந்து சேர்க்கிறோம். மழை தொடங்கி வரத்துக்காலில் புதுநீர் வந்துவிட்டால் நீரின் தன்மை மாறிவிடும் என்பதால், மாதிரி எடுக்கும் பணியையாவது அதற்கு முன்னதாகவே முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள் (கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: மருந்து வழங்குபவர் தந்த பாதுகாப்புத் தகவல் தாளின் நகல்; ஊருணியின் தற்போதைய நிலையைக் காட்டும் புகைப்படங்கள்.