பெற்றவரின் போன் எண்ணை அழிக்கும் முன் கோர்ட் உத்தரவைக் கேளுங்கள்: பெங்களூரு பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். போன பி.டி.எம். (பெற்றோர்-ஆசிரியர் கூட்டம்) அன்று நகரின் ஒரு பள்ளி வாசலில் நடந்தது உங்களில் பலருடைய காதுக்கு வந்திருக்கும். விவாகரத்தான தந்தை, பிள்ளை தாயிடம், மாதம் இரண்டு சனிக்கிழமை பார்க்க கோர்ட் அனுமதி உண்டு. "ஆப்ல உங்க நம்பர் இல்ல சார்" என்று செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். உள்ளே தாயின் இப்போதைய துணைவர், ரிப்போர்ட் கார்டில் 'தந்தை' என்று அச்சடித்த இடத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி மேல் எங்களுக்கு வருத்தமில்லை. கையில் கொடுத்த பட்டியலைப் பார்த்தார், அவ்வளவுதான். பட்டியலை மாற்றியது அலுவலகம்.

நாங்கள் கேட்பது ஒன்றே: கோர்ட் உத்தரவு இல்லாமல் பெற்றவரின் பெயரையோ எண்ணையோ பதிவிலிருந்து எடுக்காதீர்கள்.

இது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். பள்ளித் தகவல்கள் வரும் ஆப்பில் பெரும்பாலும் இரண்டே கட்டம்: தந்தை எண், தாய் எண். பிள்ளையைத் தினமும் கூட்டிப் போகிறவருக்குத் தகவல் போக வேண்டும் என்று கஸ்டடி உள்ளவர் ஒரு மெயில் போடுகிறார். நியாயமான தேவைதான். மூன்றாவது கட்டம் இல்லாததால், ஊழியர் பழைய எண்ணின் மேலேயே புது எண்ணைத் தட்டிவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து ஓ.டி.பி., சர்க்குலர், தேர்வு அட்டவணை, சிக் ரூமிலிருந்து வரும் போன் எல்லாம் வேறொருவருக்கு. பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தந்தையிடம் பிள்ளை வளர்கிற வீடுகளில் இதுவே தாய்க்கு நடக்கிறது.

பிள்ளையைப் பார்க்கும் சனிக்கிழமையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பந்த், மழை என்று விட்ட லீவை ஈடுகட்ட, வியாழன் மாலை ஆப்பில் ஒரு வரி வருகிறது: இந்தச் சனிக்கிழமை பள்ளி உண்டு. தந்தையின் போனில் அது வருவதில்லை. அவர் கோர்ட் சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்தில் போய் நிற்கிறார். பிள்ளையோ வகுப்பில். அவருக்குத் தோன்றுவது, வேண்டுமென்றே அனுப்பவில்லை என்று. உத்தரவை நிறைவேற்றச் சொல்லி மனு போடுகிறார். தாய் தரப்பு, பள்ளி நடந்தது என்று பதில் போடுகிறது. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. குடும்ப நீதிமன்றம் இருக்கும் சித்தையா ரோடு நியாய தேகுலா கட்டடத்தில் அடுத்த வாய்தா, அதற்கடுத்த வாய்தா என்று இது இழுக்கும். அத்தனைக்கும் வேர், உங்கள் அலுவலகத்தில் மாறிய ஒரு பத்து இலக்க எண்.

சட்டம் இதில் குழப்பமாக இல்லை. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, இயற்கைப் பாதுகாவலர் யார் என்று சொல்லிவிட்டு, 'தந்தை', 'தாய்' என்பதில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்கமாட்டார்கள் என்று தனியாக விளக்கமே எழுதிவைத்திருக்கிறது. தாலி கட்டியவருக்கே இந்த நிலை என்றால், கூட வாழ்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கஸ்டடி என்பது பிள்ளை யாரிடம் வளர்வது என்பது. அதனால் மற்றவர் பெற்றவர் இல்லை என்று ஆகிவிடாது. பிள்ளை யாரிடம் இருந்தாலும் மற்றவரோடு தொடர்பு அறக்கூடாது என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. போன், வீடியோ கால் வரைக்கும் பேசியது.

இதைத் துணைவருக்கு எதிரான மடலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாய் மறுமணம் செய்தார் என்பதற்காக மட்டும் கஸ்டடி பறிபோகாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. டிபன் கட்டித் தந்து, பஸ் ஏற்றிவிடுகிற மனிதருக்குப் பிக்-அப் கார்டு கொடுங்கள். தந்தை கட்டத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

வேலையும் பெரிதில்லை. 'அனுமதி பெற்ற நபர்' என்று மூன்றாவது கட்டம் திறக்கச் சொல்லி ஆப் கம்பெனியைக் கேளுங்கள். முடியாவிட்டால் பிள்ளையின் பைலில் ஒரு தாள் போதும். எண்ணை நீக்கச் சொல்லி யாராவது வந்தால், கோர்ட் முத்திரையுள்ள சான்றிட்ட நகலைக் கேளுங்கள். ஜெராக்ஸையும் வாட்ஸ்அப் படத்தையும் நம்ப வேண்டாம். கடைசிப் பக்கத்தின் உத்தரவுப் பகுதியைப் படியுங்கள். இடைக்கால உத்தரவா, இறுதியானதா, தேதி என்ன என்று பாருங்கள், ஏனென்றால் இவை பின்னால் மாற்றப்படக்கூடியவை. குடும்ப வன்முறைச் சட்டத்தின்படியோ வேறு வகையிலோ பார்க்கத் தடை இருந்தால், தயங்காமல் வாசலில் நிறுத்துங்கள். அதில் எங்களுக்கு மறுபேச்சில்லை.

டி.சி. விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒருவர் கையெழுத்தில் டி.சி. கொடுத்து, பிள்ளை சென்னைக்கோ கோவைக்கோ போய்விட்டால், கஸ்டடி வழக்கை எந்த ஊரில் நடத்துவது என்பதே தகராறாகிவிடும். 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம், பிள்ளை வழக்கமாக வசிக்கிற இடத்து நீதிமன்றத்தைத்தானே சொல்கிறது. கொடுக்கும் முன் இருவருக்கும் ஒரு மெயில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

கட்டணம் என்று வரும்போது மட்டும் தந்தையின் எண் எப்படியோ கிடைத்துவிடுகிறது. பணம் எந்த யு.பி.ஐ.யிலிருந்து வந்தாலும் ஆப் ஏற்றுக்கொள்கிறது; "உங்க நம்பர் இல்ல சார்" என்று ஒருநாளும் சொன்னதில்லை.

உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறோம். அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் அச்சுக்குப் போகும் முன் மூன்றாவது கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே அழித்த எண்களில், கோர்ட் தடை இல்லாதவற்றைத் திரும்பப் பதியுங்கள். இனி கோர்ட் உத்தரவு இல்லாமல் எந்தப் பெற்றவரின் எண்ணையும் எடுக்க வேண்டாம் என்று அலுவலக ஊழியர்களுக்கு எழுத்தில் சொல்லிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிள்ளைகளைப் பிரிந்து வாழும் பெங்களூருத் தமிழ்ப் பெற்றோர் சிலர்