ஆறு கிலோ

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டிவிட்டார்கள். அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை. மற்றவற்றைப் பின்னர் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்துவிட்டது, இப்போதெல்லாம் பசியே எடுப்பதில்லை என்று சென்ற வாரம் தொலைபேசியில் நீ மகிழ்ச்சியோடு சொன்னாய். நானும் "நல்லது சாமி" என்றேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உன்னை ஆட்டிவைத்த அந்தப் பசியில் பாதிக்குமேல், மனநோய்க்காக நீ உண்ணும் ஒலான்சபின் மாத்திரை மூட்டிவிட்டதுதான் என்பதை நான் மிகத் தாமதமாகத்தான் அறிந்தேன். ஆகவே பசி போய்விட்டது என்று நீ சொன்னதும் என் மனம் வேறெங்கோ ஓடிற்று. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஈரோட்டில் தனியாக இருந்து, வேலைக்கும் போய், நீயே சமைத்து உண்பவள், மூக்கனேரிக் கரையில் நடந்ததுபோல் அங்கும் நாள்தோறும் நடந்திருப்பாய். அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனாலும் மூன்று வாரமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்க வேண்டாம்.

எடைதான் மனக்குறை என்றால் மருத்துவரிடமே சொல். எடையை அவ்வளவாக ஏற்றாத மாத்திரைகள் இருக்கின்றன. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அவரைக் கேளாமல் எதையும் மாற்றாதே. அந்தப் பங்குனியை நீயும் மறந்திருக்கமாட்டாய். திரும்பச் சொல்கிறேன், அவரைக் கேளாமல் மாற்றாதே.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று நீ எண்ணலாம். மாத்திரை தொடங்கிய அன்றே, எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்து, மூன்றாம் மாதம் மறுபடியும் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டை நான் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்துவிட்டேன். தெருமுனைப் பரிசோதனைக்கூடத்தில் இருப்பவர் நமக்குச் சொந்தம்; சீட்டின் தலைப்பில் மனநலப் பிரிவு என்று அச்சிட்டிருந்தது. வேறு காரணம் இல்லை. மூன்று ஆண்டுகளில் 54 கிலோ 76 ஆயிற்று. அதுவரை நான் செய்ததெல்லாம் உன் தட்டில் இட்லியை எண்ணியதும், சித்தி முன்னிலையில் "வாயைக் கட்டத் தெரியாதா" என்று கேட்டதும்தான். பிறகு பார்த்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 ஆக ஏறியிருந்தது. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்றும், அதற்குப் பெரும்பாலும் இதய நோய் போன்ற உடல்நோய்களே காரணம் என்றும் அண்மையில் படித்தேன். இதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பஞ்சாங்கத்தை மாற்றிவிட்டேன், சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாதாம். என்னுடையது 92. திருவிழாவுக்கு முந்தைய இரவே வந்துவிடு. காலையில் வெறும் வயிற்றோடு இருவரும் அதே தெருமுனைக்குப் போய் இரத்தம் கொடுப்போம். சித்தியை நான் பார்த்துக்கொள்கிறேன். இரவுக்கு வேண்டியிருக்கும், மாத்திரை அட்டையை மறவாமல் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா