உழவர் சங்க ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், களை எடுப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வளர்த்து மண்ணிலேயே மடக்கி உழும் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன்.

ரசாயன உரத்தைக் குறைக்கப் பயிற்சி வேண்டும் என்று போன பொதுக்குழுவில் முடிவானது. வேன் பிடித்து விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்வந்தோம். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண் என்று, ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக் கரைசலின் கணக்கை எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஊர் திரும்பி டிரம் வாங்கியவர்கள் மூன்று பேர். ஒரு டிரம்மில் இப்போது குடிதண்ணீர் பிடிக்கிறார்கள். மாடு இல்லாத வீட்டில் சாணத்துக்கு எங்கே போவது? அதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

ஏரிக்கரை ஓரத்தில் ஓர் உறுப்பினர், யாரும் சொல்லாமலேயே, அரை ஏக்கருக்கு 10 கிலோ தக்கைப்பூண்டு விதைத்தார். 45ஆம் நாள், பூ எடுக்கும் நேரத்தில், மடக்கி உழ டிராக்டர் வந்தது. அதற்குள் ஒரு பெரியவர் வயலில் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினார். உள்ளே இளஞ்சிவப்பு. "இதுக்குள்ளயா யூரியா இருக்குது?" என்றார். அந்த வயலின் சம்பா நெல்லுக்கு யூரியா ஒரு மூட்டை குறைவாகவே போனது. பக்கத்து வயல்காரர்கள் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை; தினமும் வரப்பில் நின்று பயிரின் நிறத்தையும் தூரையும் பார்த்தார்கள். அறுப்பு முடிந்து மூட்டையை எண்ணிப் பார்த்த பிறகுதான் விதை கேட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

குத்தகைக்காரர்கள் மட்டும் வரவில்லை. ஒருவரிடம் கேட்டேன். "மண்ணு தேற மூணு வருஷம் ஆவும்னு சொல்றீங்க. அதுவரைக்கும் நிலம் எங்கிட்ட இருக்குமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நிலம் கொடுத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள்.

சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம் மானியம் உண்டு. இருந்தும் சில வீடுகளில் குழாய் சுருட்டியபடி மாடியில் கிடக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கும்வரை யாருக்கும் அது நினைவுக்கு வராது. மின்சாரமும் இலவசம். அப்புறம் எலி கடித்த குழாயை ஒட்டுவது யார் வேலை என்பதும் முடிவாகவில்லை.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் விதைக்கு எந்தக் காயைப் பழுக்க விடுவது என்பதை வீட்டுப் பெண்கள்தான் முடிவு செய்கிறார்கள். பயிற்சிக்கு அழைத்ததோ ஆண்களை. அடுத்த வேனில் பாதி இடம் பெண்களுக்கு என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

தக்கைப்பூண்டு விதை வேண்டுவோர் பங்குனிக்குள் பெயர் கொடுக்கவும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் விதை உண்டு. பாக்கியை நான் மறக்கவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்