அந்தச் சுவர் டெலிபோனை எடுத்துவிடாதீர்கள்

கேம் தயாரிக்கும் க்ரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனத்தில், 1979-இல் வந்த 'ஏலியன்' படத்தை வைத்துச் செய்த 'ஏலியன்: ஐசொலேஷன்' திகில் கேமின் அடுத்த பாகத்தைச் செய்துகொண்டிருக்கும் குழுவினருக்கு வணக்கம்.

2024 அக்டோபர் 7 அன்று, முதல் பாகம் வெளிவந்து சரியாகப் பத்து ஆண்டு நிறைந்த நாளில், அடுத்த பாகத்தின் வேலை தொடங்கிவிட்டதாக உங்கள் கிரியேட்டிவ் டைரக்டர் அல் ஹோப் அறிவித்தார். படித்ததும் வந்த சந்தோஷம் அன்று ராத்திரி வரை இருந்தது. படுக்கப் போகும்போது ஒரு பயம் பிடித்துக்கொண்டது. 2014-இல் வந்த விமர்சனங்களையெல்லாம் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறையாக அடித்துக்கொண்டே வருவீர்களோ என்ற பயம். அதற்காகத்தான் இந்த மடல்.

அந்த விமர்சனங்கள் எப்படி இரண்டாகப் பிரிந்து கிடந்தன என்பது உங்களுக்கு மறந்திருக்காது. பிசி கேமர் பத்திரிகை 100-க்கு 93 போட்டது. ஐஜிஎன் இணையதளம் 10-க்கு 5.9 போட்டது. கேம்ஸ்பாட் 6, பாலிகன் 6.5. ஒரே கேமுக்குத்தான் இத்தனையும். படத்தின் உலகத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டீர்கள் என்று குறைத்து மதிப்பிட்டவர்கள்கூட எழுதினார்கள். சண்டையெல்லாம் மூன்று விஷயத்தில்: நீளம் அதிகம், நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியவில்லை (அங்கங்கே சுவரில் இருக்கும் டெலிபோனைத் தேடிப் போய்த்தான் செய்ய வேண்டும்), ஏலியன் எப்போது வரும் எங்கே வரும் என்று கணிக்கவே முடியவில்லை.

நீளத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. அதை ஏற்றுக்கொள்ளுங்கள். பத்தாவது மிஷனில் ஏலியனைப் பொறியில் அடைத்து ஆய்வுக்கூடத்தோடு சேர்த்து விண்வெளிக்குள் தள்ளிவிடும்போது, கதை அங்கே ஒரு பெருமூச்சு விடுகிறது. அதன் பிறகும் எட்டு மிஷன். ஆண்ட்ராய்டுகளோடு மல்லுக்கட்டி, லிஃப்டுக்கு மின்சாரம் கொடுத்து, கதவைத் திறந்து, மறுபடியும் இன்னொரு கதவைத் திறந்து. முடிந்தது என்று நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்தது மூன்று தடவை. மூன்று தடவையும் முடியவில்லை. அடுத்த பாகத்தில் ஐந்து மணி நேரத்தைக் கத்தரித்தால் உங்களை யாரும் திட்ட மாட்டார்கள்.

ஆனால் சேவ் விஷயத்தில் விமர்சகர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

கேம் நடக்கும் செவஸ்டோபோல் விண்வெளி நிலையத்தில், சான் கிறிஸ்டோபல் மருத்துவப் பிரிவு. தாழ்வாரக் கடைசியில் சுவரில் அந்த டெலிபோன் கண்ணில் படுகிறது. நடுவில் இருபது அடி இருக்கலாம். பக்கத்தில் எது அசைந்தாலும் காட்டும் மோஷன் டிராக்கரைக் கையில் உயர்த்தினால் கண்முன் இருக்கும் தாழ்வாரம் மங்கலாகிறது, தாழ்வாரத்தைப் பார்த்தால் டிராக்கர் திரை மங்கலாகிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வழியில்லை. குனிந்தபடியே போய், சேவ் செய்ய டெலிபோனில் அட்டையைச் செருகுகிறேன். ஒரு விளக்கு எரிகிறது, பீப். இரண்டாவது விளக்கு, பீப். மூன்றாவது எரியக் காத்திருக்கும் அந்த ஒரு நொடியில் முதுகுக்குப் பின்னால் கூரைக் குழாயிலிருந்து கனமாக ஏதோ இறங்கும் சத்தம். கடைசி இருபத்தைந்து நிமிடம் ஊர்ந்து வந்ததெல்லாம் போச்சு. அந்த ராத்திரி எனக்குக் கோபம் வந்தது நிஜம். மறுநாள் வேலையிலிருந்து வீடு திரும்பும்போது பஸ்ஸில் அந்தத் தாழ்வாரத்தையே யோசித்துக்கொண்டு வந்ததும் நிஜம். நினைத்த இடத்தில் பட்டனை அழுத்திச் சேவ் செய்ய முடிந்திருந்தால் அந்த இருபது அடி எனக்கு ஞாபகத்திலேயே இருந்திருக்காது.

விமர்சகர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் நிலைமை வேறு. கேம் கைக்கு வந்த சில நாளில் கட்டுரை எழுதிக் கொடுத்தாக வேண்டும். இருபது மணி நேரம் ஓடும் ஒரு கேமில், ஒவ்வொரு சாவும் அவர்களுக்குக் கெடுவிலிருந்து அரை மணி நேரத்தைப் பிடுங்குகிறது. வாரத்துக்கு இரண்டு ராத்திரி, ஒரு மணி நேரம், விளக்கை அணைத்துவிட்டு விளையாடுகிறவனுக்கு அதே சாவு பயமாகச் சேர்கிறது. 2014-க்குப் பிறகு உங்கள் கேமின் பெயர் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே வந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். 2019-இல் ஸ்விட்ச்சுக்கும் 2021-இல் கைபேசிக்கும் வந்தபோது, இந்தப் பழைய சண்டையையே கேட்டிராத ஒரு தலைமுறை அதை எடுத்து விளையாடியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கேம் வந்தபோது ரசிகர்கள் சூடுபட்ட பூனையாக இருந்தார்கள். உங்கள் கேமை வெளியிட்ட அதே சேகா 2013 பிப்ரவரியில் வெளியிட்ட 'ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்' கேமில், முன்னோட்டத்தில் காட்டியது ஒன்று, கையில் கிடைத்தது வேறொன்று. அதில் ஏலியன்கள் திக்குத் தெரியாமல் ஓடியதற்குக் கோப்பு ஒன்றில் இருந்த ஒற்றை எழுத்துப் பிழையும் ஒரு காரணம் என்பது 2018-இல்தான் வெளியே தெரிந்தது. படத்தின் பெயரைப் போட்டாலே விற்றுவிடும் என்று செய்யப்படும் கேம்களை அத்தனை பார்த்திருந்தோம். பெரும்பாலும் இரண்டாம் பாகமான 1986 படத்தின் துப்பாக்கிகளைத்தான் எல்லாரும் கேமாக்கினார்கள். நீங்கள்தான் 1979 படத்துக்குத் திரும்பிப் போனீர்கள்: ஒரே ஒரு உயிரினம், கொல்லவே முடியாதது. படத்தைத் தயாரித்த ஃபாக்ஸ் நிறுவனம் கொடுத்த பழைய படப்பிடிப்பு ஆவணங்களைத் துருவிப் பார்த்தீர்கள். திரைகள் அந்தக் காலத்துத் திரை மாதிரியே நடுங்க வேண்டும் என்று காட்சிகளை விஎச்எஸ் டேப்பில் பதிந்து எடுத்தீர்கள். மகளின் பதினொன்றாம் பிறந்தநாளுக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போன தாயை, அந்த மகளே தேடிப் போகிற கதையை எழுதினீர்கள். இவ்வளவு அக்கறையோடு செய்தவர்கள் விமர்சனத்துக்குப் பயந்து பின்வாங்கக் கூடாது.

அந்த ஏலியனின் மூளையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை இரண்டாகப் பிரித்து வைத்தீர்கள். மேலே இருக்கிற ஒன்றுக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பது எப்போதும் தெரியும். ஆனால் அது ஏலியனிடம் "இந்தப் பக்கம் போய்ப் பார்" என்கிற அளவுக்குத்தான் சொல்லும். மீதியை ஏலியன் தன் காதாலும் கண்ணாலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ரொம்ப நேரம் என்னை நெருக்கிவிட்டால் மேலே இருக்கிறது அதைக் கூரைக்குள் திருப்பி அனுப்பிவிடும். லாக்கருக்குள் மூச்சை அடக்கி நின்றபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. இடுக்கு வழியே அதன் தாடை தெரிந்தது, எச்சில் ஒழுகியது, போய்விட்டது. ஏன் போனது என்று தெரியாததுதான் என்னை இன்னும் பத்து நிமிடம் அந்த லாக்கருக்குள்ளேயே நிற்கவைத்தது. கணிக்க முடியவில்லை என்று விமர்சனத்தில் குறையாக எழுதப்பட்டது இதைத்தான். அடுத்த பாகத்தில் அது எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டிவிடாதீர்கள்.

நண்பன் வீட்டு எக்ஸ்பாக்ஸில் கைனெக்ட் என்ற கேமரா-மைக் கருவி இருந்தது. அறையில் கேட்கும் சத்தம் ஏலியனுக்கும் கேட்கும்படி அதில் வைத்திருந்தீர்கள். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. மேஜைக்கு அடியில் ஒளிந்திருந்த நாங்கள் அதோடு காலி. "அம்மா, அடுப்பைக் கொஞ்சம் அணையுங்களேன்!" என்று அவன் கத்தியதில் அடுத்த தடவையும் மாட்டிக்கொண்டோம். அந்த வசதியையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

எளிதாக ஆட விரும்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு நிலை வையுங்கள், அதில் எவ்வளவு வேண்டுமானாலும் சேவ் செய்யட்டும். முதல் பாகத்துக்கும் பின்னால் எளிய நிலை ஒன்றைச் சேர்த்தீர்கள், நல்ல காரியம். மற்ற நிலைகளில் டெலிபோன் சுவரிலேயே இருக்கட்டும். மூன்று விளக்கும் ஒவ்வொன்றாகவே எரியட்டும்.

அன்புடன்,
செவஸ்டோபோலில் நூறு தடவைக்கு மேல் செத்த ஒரு ரசிகன்